பிரமிளா வீட்டு மேட்டுக்கு ஒரு கியர்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார். சந்தோஷம் வந்தாலும் பேசமாட்டார். தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். வீடு வீடாகப் போய், நாய் குரைப்பதைப் பொறுத்துக்கொண்டு, முள் காட்டுகிற எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிடவேண்டும். யாரோடும் பேச அவசியமில்லாத வேலை அது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஓய்வு பெற்றபின் கேட்கவே வேண்டாம். காலையில் "டீ", மத்தியானம் "சோறு", ராத்திரி "படுக்கிறேன்". அவ்வளவுதான் தனேஸ்வரன்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் போன வருஷம் வாய் ஓயாமல் பேசினார் என்றால் அதற்குக் காரணம் ஒரு கியர்பாக்ஸ்.

சிலிபினில் எங்கள் வீட்டு போர்ச்சில் ஒரு பச்சைக் கார் நிற்கிறது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட்டு, கூரையைக் கழற்றி வைத்துவிடலாம். பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் துரை பங்களாவை இடித்தபோது பின்னால் கொட்டகையில் கிடந்ததை இவர் வாங்கி வந்தார். இவருடைய அப்பா அதே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். அந்த ரோஷத்தில்தான் துரையின் காரை வாங்கினார் என்று எங்கள் சொந்தக்காரர்கள் பெரிய கதையே கட்டி வைத்திருக்கிறார்கள். நான் நேரடியாகக் கேட்டேன். "பச்ச நல்லா இருந்துச்சு" என்றார்.

எனக்கு அந்த கார்மேல் பெரிய விரோதம் ஒன்றும் இல்லை. போர்ச்சில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து அது நிற்கிறதே, அங்கே என் ஆர்க்கிட் தொட்டிகளை வைக்கலாமே என்ற வயிற்றெரிச்சல் மட்டும்தான். விரோதம் ஆரம்பித்தது போன வருஷப் பொங்கலுக்கு மறுநாள்.

என் தங்கை பிரமிளா வீடு லகாட் பக்கம். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்பு, தாமான் என்போம். குன்றை வெட்டிச் சமப்படுத்தச் சோம்பல்பட்டு அப்படியே வீடுகளை நட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அவள் வீட்டுக்குப் போகிற மேட்டில் குப்பை லாரியே முனகிக்கொண்டுதான் ஏறும். பொங்கலுக்கு மறுநாள் அங்கே சாப்பிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். அன்றைக்கு நான் காஞ்சிபுரம் பட்டு கட்டி, மடியில் சர்க்கரைப் பொங்கல் சட்டியை வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த காரில் ஏறினேன்.

பாதி மேட்டில் ஒன்றாம் கியர் தானாக நழுவி வெளியே வந்துவிட்டது. இன்ஜின் கத்துகிறது, வண்டி பின்னால் போகிறது. இவர் பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் பின் சக்கரம் சாக்கடையில் இறங்கிவிட்டது. பொங்கல் என் பட்டில் இறங்கிவிட்டது. கேட்டில் நின்ற சொந்தமெல்லாம் சிரிக்க, பிரமிளா புருஷன் விக்னேஸ்வரன் அதை வீடியோ எடுத்துக் கிள்ளான்வரைக்கும் அனுப்பி வைத்தான்.

"நல்லா கேட்டுக்குங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். "அடுத்த பொங்கலுக்கு இந்த வண்டி என்னை ஏத்திக்கிட்டு இந்த மேட்டுல நிக்காம ஏறணும். ஏறுச்சுன்னா நீங்களே வச்சுக்குங்க. இல்லன்னா அந்த பினாங்குக்காரர்கிட்ட குடுத்துடுங்க."

பினாங்கில் ஒரு பழைய கார் பிரியர் இதை விலைக்குக் கேட்டு ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருந்தார். இவர் என் பட்டைப் பார்த்தார், சாக்கடையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தார். "சரி" என்றார். இவர் சரி என்றால் அது எழுதிய மீட்டர் கணக்கு. மாறாது.

லகாட்டில் அலெக்சாண்டர் என்று ஒரு ஃபோமன் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் மெக்கானிக்கை ஃபோமன் என்றுதான் சொல்வோம். பழைய கியர்பாக்ஸ் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். கியர்பாக்ஸை மட்டும் கழற்றித் தன் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தவர், பற்கள் தேய்ந்துவிட்டன, எல்லாம் புதிதாகப் போடவேண்டும் என்றார். அப்படிப் போடும்போது இரண்டு விதமாகப் போடலாம் என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைதான் எங்கள் வீட்டைப் பிடித்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு வாக்கியங்களை ஒரே நேரத்தில் நான் கேட்டதில்லை.

"நவம், இங்க பாரு. கார்ல முதல்லருந்து இருந்த செட்டுல ஒன்னாம் கியரு நல்லா மெதுவா இழுக்கும். எந்த மேடும் ஏறும். ஆனா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. மூணு போட்டதும் இன்ஜின் சோர்ந்து போயிடும். இன்னொன்னு ரேஸ் செட்டு. நாலு கியரும் ஒன்னை ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும். கியர் மாத்தினாலும் இன்ஜின் சத்தம் இறங்கவே இறங்காது. எப்படின்னா…"

இங்கே அவர் வாயைக் குவித்தார். "ஊஊஊம்… டக். ஊஊஊம்… டக். ஊஊஊம்." வலது கையால் ரசக் கரண்டியைப் பிடித்துக் கியர் மாற்றினார். ரசம் மேசையில் சிந்தியது.

"அப்ப அந்த ஊஊமையே போட வேண்டியதுதானே?" என்றேன்.

"அதுல ஒன்னாம் கியரு கொஞ்சம் வேகமான கியரு. சைக்கிள்ல பெரிய பல்லுல வச்சு மேட்டுல கெளப்புற மாதிரி. ரெண்டு பேரு உக்காந்தா பிரமிளா வீட்டு மேட்டுல தெணறும்."

"அப்ப முதல்ல இருந்ததையே போடுங்க."

"அதுல சத்தம் இறங்கிடும்ல."

இப்படியே மாதக்கணக்காக. மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் கியர். கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது கியர். நான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். மத்தியானம் அங்கேயும் போன் செய்து, "ரெண்டாங் கியர்ல பல்லு ஒன்னு கூடினா எப்படி இருக்கும் தெரியுமா?" என்பார். "எனக்கு இங்க பல்லு வலிக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு" என்று வைத்துவிடுவேன். திட்டினேனே தவிர, எனக்கு அது பிடித்திருந்தது. என் புருஷன் என்னோடு பேசுகிறார். எதைப் பற்றிப் பேசினால் என்ன? வீட்டில் ஒரு குரல் கேட்டது, அந்தக் குரல் என்னைக் கூப்பிட்டது. எனக்குப் போதும்.

கடைசியில் அலெக்சாண்டர்தான் ஒரு வழி சொன்னார். "அண்ணே, எல்லாம் பின் அச்சைப் பொறுத்ததுலா. பின் சக்கரத்துல ஒன்ன மட்டும் தூக்கி ரெண்டு சுத்து சுத்துங்க. கியர்பாக்ஸ்லருந்து பின்னால போற ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணுங்க. நாலேகால் பக்கம் இருந்தா அச்சே நல்லா இழுக்கும். ரேஸ் செட்டு போட்டாலும் மேடு போலே, ஏறிடும். நாலுக்குக் கம்மின்னா தக் போலே, ஏறாது, விட்டுடுங்க."

அதை எண்ணுவதற்கு இவர் தேர்ந்தெடுத்தது ஆயுத பூசைக்கு மறுநாள்.

ஆயுத பூசை என்றால் இவருக்குத் தலைகால் புரியாது. அரிவாள்மணை, தையல் மெஷின், ஸ்பேனர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பட்டறையில் கிடக்கும் கியர்பாக்ஸ் மட்டும் பொட்டில்லாமல் இருப்பதா என்று ஒரு பொட்டலம் குங்குமம் கட்டி அலெக்சாண்டரிடம் கொடுத்து அனுப்பினார். அலெக்சாண்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சாயங்காலம் போட்டோ வந்தது. பிரித்துப் போட்ட கியர்பாக்ஸின் நெற்றியில் அழகாக ஒரு பொட்டு. கீழே எழுதியிருந்தார்: "அண்ணே, கையக் கழுவிட்டுதான் வச்சேன்."

மறுநாள் காலை ஜாக்கி போட்டு ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினார். மற்ற சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தார். கியர்பாக்ஸ் இல்லாததால் தொங்கிய ஷாஃப்டின் முனையைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்து, அதற்கு மேலே தகட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். நான் முக்காலியில் உட்கார்ந்து, காற்றடிக்கிற வால்வை அடையாளம் வைத்து, சக்கரத்தை மெதுவாக இரண்டு சுற்று சுற்றினேன். கீழேயிருந்து எண்ணும் குரல் வந்தது.

"நாலேகால்!" என்று ஒரு சத்தம். தலை எங்கேயோ இடித்துக்கொண்ட சத்தமும் சேர்ந்து வந்தது. வெளியே வந்தவர் எண்ணெய்க் கையோடு என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். ஊஊம் டக் ஊஊம் என்று குளியலறைவரை போனார். திங்கட்கிழமை இங்கிலாந்துக்கு ஆர்டர் போடச் சொல்லி அலெக்சாண்டருக்குச் செய்தியும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதுதான் பார்த்தேன். அவர் சட்டையின் கை, தோள், காலர் எல்லாம் குங்குமம். காரின் முகப்பில் பொட்டு வைத்ததை நான் பார்த்தேன், சரி. அடியில் படுத்தவருக்கு எங்கிருந்து இவ்வளவு குங்குமம்? போர்ச்சுக்குப் போய்க் குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தை அடியில் காட்டினேன்.

ஷாஃப்டைச் சுற்றி மூன்று பொட்டு. இரும்புத் தண்டு எப்படித் திரும்பினாலும் சாமி கண்ணுக்கு ஒன்றாவது தெரியட்டும் என்று சுற்றிவர வைத்திருக்கிறார். யார் படுத்துப் பார்க்கப் போகிறார்கள் அங்கே? ஒரு பொட்டை அடையாளமாக வைத்துத்தான் இவர் எண்ணியிருக்கவேண்டும். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. கோட்டைக் கால்வாசி தாண்டி நின்றது இவர் ஆரம்பித்த பொட்டுத்தானா, அதற்கு முன்னால் போகிற பொட்டா? முன்னால் போகிற பொட்டு என்றால், இவருடையது இன்னும் கோட்டுக்கு வந்தே சேரவில்லை. நாலேகால் இல்லை. நாலுக்குக் கம்மி.

ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பேசாமல் இருந்தால் என்ன? ரேஸ் செட்டு வரும், பூட்டுவார்கள், பிரமிளா வீட்டு மேட்டில் வண்டி நின்றுபோகும். பந்தயப்படி பினாங்குக்குப் போய்விடும். போர்ச் முழுக்க ஆர்க்கிட். அதற்குப் பிறகு காலையில் "டீ", மத்தியானம் "சோறு". சட்டையைக் கொடியில் போடாமல் நேரே உள்ளே போனேன்.

"ஏங்க, எத்தனை பொட்டு வச்சீங்க கீழ?"

"மூணு."

"எந்தப் பொட்டை எண்ணுனீங்க?"

"அந்தப் பொட்டை."

"எந்த அந்தப் பொட்டை?"

என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். ஊர் முழுக்க மீட்டர் பார்த்தவர், சொந்த காரில் பொட்டு மாறிப் பார்த்துவிட்டார். வேறு சமயமாக இருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன்.

மறுபடி ஜாக்கி. இந்த முறை நான் நைட்டிமேல் ஒரு கைலியைக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தேன். இரண்டு பொட்டைத் துடைத்தேன், ஒன்றை விட்டுவைத்தேன். அவர் சக்கரத்தைச் சுற்றினார். என் பொட்டு மூன்று தரம் சுற்றி வந்தது. நாலாவது சுற்றில் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. வராதா, வராதா என்று எனக்கே ஆசையாக இருந்தது. "நாலு வரலீங்க" என்றேன்.

அலெக்சாண்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அப்ப ரேஸ் செட்டு போட்டா நீங்க தனியா ஜாலியா ஓட்டலாம் அண்ணே" என்றார் அலெக்சாண்டர். "அக்கா ஏறினா மேட்டுல செரமப்படும். முதல்ல இருந்த மாதிரி செட்டுன்னா ரெண்டு பேரும் போலாம். ஆனா அந்த சத்தம் மறந்துடுங்க. அச்ச மாத்தலாம்னா, பொங்கலுக்குள்ள அந்த சாமான் தேடிக் கெடைக்காதுலா. எதப் போட?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. போர்ச்சில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆள ஏத்தாம ஓட்டுறதுக்கு ரெண்டு சீட்டு எதுக்கு? முதல்ல இருந்ததையே போடு."

போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். சத்தம் கித்தம் ஒன்றும் இல்லை, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான். நான் ஈரச் சட்டையைக் கொடியில் போட்டேன். குங்குமக் கறை போகவில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பொங்கலுக்கு மறுநாள் பிரமிளா வீட்டு மேட்டின் அடியில் வந்து நின்றோம். இந்த முறை நூல் சேலை, மூடி இறுக்கிய அடுக்குப் பாத்திரம். மேலே கேட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. விக்னேஸ்வரன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துவிட்டான்.

"போலாமா?" என்றார்.

"போலாம்."

ஒன்றாம் கியர் கவ்வியது. அது எனக்கே தெரிந்தது, முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. முதல் வளைவு, மாமரம் நிற்கிற வீடு, போன வருஷம் விழுந்த சாக்கடை, எல்லாம் பின்னால் போயின. நான் மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு கேஸ் லாரி பக்கத்து வீட்டிலிருந்து பின்னோக்கி வந்து நடுரோட்டில் நின்றது.

இவர் நிறுத்தினார். வேறு வழி கிடையாது. கை பிரேக்கை இழுத்தார். மேட்டின் கழுத்தில் நாங்கள் நிற்க, லாரிக்காரன் கையைக் காட்டிவிட்டு ஆற அமரத் திருப்பினான். நான் இவருடைய கையைப் பார்த்தேன். ஒன்றாம் கியரைப் போட்டுவிட்டு, கியர் குமிழை விடாமல் பிடித்திருந்தது. லாரி ஒதுங்கியதும் பிரேக்கை விட்டார். வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் போகவில்லை. நேரே ஏறிப் போய்க் கேட்டில் நின்றது.

"அண்ணே, நின்னுட்டீங்க!" விக்னேஸ்வரன் துள்ளினான். "நிக்காம ஏறணும்னுதானே பேச்சு! வீடியோல இருக்கு!"

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. இன்ஜினை அணைத்தார், சாவியை எடுத்தார், என் பக்கம் நீட்டினார்.

"நின்னுச்சு, நவம். பினாங்குக்காரரு கேட்டா நாளைக்கே வந்து எடுத்துக்கட்டும்."

முள் காட்டுகிற எண்ணை அப்படியே எழுதுகிற மனுஷர். லாரி வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார். சாவியை வாங்கினேன். கூட்டத்தில் சிரிப்பு நின்றது. பிரமிளா, "அக்கா, வேணாங்கா" என்றாள்.

சாவியை நானே அதன் துளையில் சொருகினேன்.

"கீழ போங்க" என்றேன்.

"எதுக்கு?"

"மறுபடியும் ஏறணும். லாரி நின்ன அதே எடத்துல நிறுத்துங்க. நிறுத்திட்டு எடுங்க. டேய் விக்னேஸ், ஒழுங்கா புடிடா வீடியோவ. கிள்ளானுக்கு இத அனுப்பு."

கீழே போனோம். ஏறினோம். அதே இடத்தில் நிறுத்தினார், எடுத்தார், ஒரு சாணும் பின்னால் போகவில்லை. கேட்டில் எல்லாரும் கை தட்டினார்கள். சாப்பிட உட்காருமுன் பினாங்குக்காரருக்கு நானே போன் போட்டு, விற்பதாக இல்லை, இனிமேல் கேட்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆர்க்கிட்டுக்கு வீட்டின் பின்பக்கம் இருக்கிறது.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கூரையைக் கழற்றியிருந்தோம். அவர் பேசவில்லை. ரெண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினார். அவர் சொன்னது உண்மைதான், மூன்று போட்டதும் இன்ஜின் சோர்ந்துபோனது. அவர் முகத்திலும் அது தெரிந்தது, கண் மூடித் திறக்கிற நேரத்துக்கு. அந்தச் சத்தத்தை என்னை ஏற்றிக்கொள்வதற்காக விட்டுக்கொடுத்தவர்.

"ஏங்க" என்றேன். "அந்த இன்னொரு செட்டு போட்டிருந்தா இப்ப எப்படிக் கேக்கும்?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். கிண்டலா என்று பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஊஊஊம்…" என்றார். "டக்."

"ஊஊஊம்" என்றேன் நான்.

"நீ ரொம்ப சீக்கிரம் மூணு போட்டுட்ட" என்றார்.

சிலிபின் சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நின்ற மோட்டார்சைக்கிள்காரர் எங்களை மேலும் கீழுமாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். பச்சை விழுந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாம் கியரிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.